கவுன்சலிங் போகிறீர்களா? முதலில் எத்தனை நாற்காலி என்று முடிவு செய்யுங்கள்

போன வாரம் ராத்திரி பத்தே முக்காலுக்குத் தோழி ஒருத்தி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். நாலு நிமிஷம். அழுகை இல்லை, கோபம் இல்லை, வாஷிங் மெஷின் வாங்கக் கருத்துக் கேட்கிற மாதிரி ஒரு குரல். "கவுன்சலிங் போலாம்னு இருக்கேன்டி. தேடினா ஒருத்தர் இ.எஃப்.டி.ங்கறார், இன்னொருத்தர் காட்மன் முறைங்கறார், ஒரு மேடம் ஃபேமிலி தெரபின்னு போட்டிருக்காங்க, எங்க மாமா என்னடான்னா கோர்ட்டுலயே கவுன்சலர் இருக்காங்களே, எதுக்குக் காசைக் கரியாக்கறேங்கறார். நீங்க போயிட்டு வந்தவங்கதானே, எதுடி நல்லது?"

போய்விட்டு வந்தவர்கள்தான், மூன்று வருஷத்துக்கு முன்னால். முதல் இடத்தில் பணம் போனது, இரண்டாவது இடத்தில் பணமும் போனது, கூடவே கொஞ்சம் புத்தியும் வந்தது. நான் தெரபிஸ்ட் எல்லாம் இல்லை, ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறவள். ஆனால் பட்டதற்கு அப்புறம் இந்த விஷயத்தில் நடந்த ஆராய்ச்சிகளைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன், நாலு நிமிஷ மெசேஜுக்கு நாற்பது நிமிஷம் பதில் சொன்னேன், அதைத்தான் இங்கே ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். சுருக்கமாக அவளிடம் சொன்னது இதுதான்: எந்த முறை என்பது இரண்டாவது கேள்வி. அந்த அறையில் எத்தனை நாற்காலி, யார் யார் உட்காரப் போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. அதில் தப்பு பண்ணினால் எவ்வளவு பெரிய முறையும் பிரயோஜனப்படாது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரே சண்டையை எடுத்துக்கொள்வோம், எங்கள் வீட்டுச் சண்டையையே. தினமும் ராத்திரி 8 மணிக்குப் பொள்ளாச்சியிலிருந்து அத்தை, அதாவது என் வீட்டுக்காரரின் அம்மா, போன் செய்வார். இவர் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய், கண்ணாடிக் கதவைச் சர்ரென்று இழுத்துச் சாத்திவிட்டுப் பேசுவார். பத்து நிமிஷம், அவ்வளவுதான். அந்தச் சர்ர் சத்தம் கேட்டதும் உள்ளே நான் தோசைக்கல்லை அடுப்பில் ஓங்கி வைப்பேன். அந்த டங் சத்தம் கேட்டதும் வெளியே அவர் இன்னும் பத்து நிமிஷம் கூடுதலாக நிற்பார், போன் வைத்த பிறகும், தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டு. உள்ளே வரும்போது தோசை ஆறியிருக்கும். அப்புறம் படுக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை இருக்காது. இப்படி ஆறு வருஷம்.

நம்ம ஊர் முதல் வழி பெரியவர்கள் பஞ்சாயத்து. இதை நான் கிண்டல் செய்ய மாட்டேன். வீட்டுக் கடன், நகை, யார் வீட்டில் பிரசவம் என்கிற மாதிரி, விடை என்று ஒன்று இருக்கிற சண்டைகளை ஒரு மரியாதையான பெரியவர் அரை மணி நேரத்தில் தீர்த்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பெரியப்பாவும் வந்து உட்கார்ந்தார், காபியைக் கீழே வைப்பதற்குள் கேட்டார்: "சரி, தப்பு யார் மேல?" அந்தக் கேள்வி வந்தவுடன் நாங்கள் இரண்டு பேரும் வக்கீல் ஆகிவிட்டோம். பால்கனிக் கதவுக்கு யார் மேல் கேஸ் போடுவது?

காசு கொடுத்துப் போன முதல் கவுன்சலர் (பேரும் ஊரும் வேண்டாம்) பெரியப்பாவேதான், ஏசி மட்டும் கூடுதல். நாற்பது நிமிஷத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. "சார், நீங்க இனிமே ஹால்லயே பேசுங்க. மேடம், நீங்க அவங்களை உங்க அம்மாவா நினைச்சுக்குங்க." இரண்டு நாள் ஹாலிலேயே பேசினார். மூன்றாம் நாள் அம்மாவும் பிள்ளையும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது எனக்கு முழுசாகக் கேட்டது, அதற்குக் கதவு சாத்தியிருந்ததே தேவலாம் போலிருந்தது.

சிரித்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். 1970களில் அமெரிக்காவில் ஆராய்ச்சி வழியாக வளர்ந்த முதல் ஜோடி சிகிச்சையும் இதற்கு ஒருவகையில் சொந்தம்தான், ரொம்பப் படித்த சொந்தம். நீ இதைச் செய், நான் அதைச் செய்கிறேன் என்கிற கொடுக்கல் வாங்கல், அதோடு எப்படிப் பேசுவது, எப்படிப் பிரச்சினையைத் தீர்ப்பது என்கிற பயிற்சி. நடத்தைச் சிகிச்சை என்பார்கள். நீல் ஜேக்கப்சனும் கைலா மார்கோலினும் 1979-ல் இதைப் புத்தகமாகவே போட்டார்கள். எனக்கு ஜேக்கப்சன் மேல் மரியாதை வந்தது அதற்கப்புறம் அவர் செய்த காரியத்தால்தான். தன்னுடைய முறையின் கணக்கையே தானே திரும்ப எடுத்துப் பார்த்து, பாதிக்குச் சற்று மேல் ஜோடிகளுக்குத்தான் முன்னேற்றம், மகிழ்ச்சியான ஜோடி என்று சொல்கிற அளவுக்கு வந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குதான் என்று 1984-ல் வெளிப்படையாக எழுதினார். தன் கடைச் சரக்கைத் தானே தராசில் போட்டுக் காட்டுகிற வியாபாரி அபூர்வம். அதற்கு அப்புறம் அவர் என்ன செய்தார் என்பது கீழே வருகிறது.

இப்போது நாற்காலிக் கணக்குக்கு வருவோம்.

ஒற்றை நாற்காலி. அதாவது நீங்கள் மட்டும் போவது. நிறையப் பேர் இதைத்தான் செய்கிறார்கள், "அவர் வர மாட்டார்" என்பதால். தனியாகப் போனால் உங்கள் தூக்கம், அழுகை, பதற்றம் இதெல்லாம் பெரும்பாலும் கொஞ்சம் சரியாகும், ஆனால் கல்யாணம்? 1990-ல் ஓலியரி, பீச் என்ற இருவரும், 1991-ல் ஜேக்கப்சன் குழுவும் இதைச் சோதித்தார்கள். மனச்சோர்வில் இருக்கிற, வீட்டிலும் ஒத்துப்போகாத பெண்களில் சிலருக்குத் தனியாகச் சிகிச்சை, சிலருக்குக் கணவனோடு சேர்த்து. மனச்சோர்வு இரண்டு வழியிலும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. ஆனால் உறவு தேறியது சேர்ந்து வந்தவர்களுக்குத்தான். வீட்டில் பெரிய சண்டை ஏதும் இல்லாமல் மனச்சோர்வு மட்டும் இருந்த பெண்களுக்குத் தனிச் சிகிச்சையே மேல் என்றும் ஜேக்கப்சன் குழுவின் ஆய்வில் வந்தது. எனக்கு இது ரொம்ப உபயோகமான கண்டுபிடிப்பு, ஏனென்றால் நம் வீடுகளில் பெண் அழுதால் "உனக்குத்தான் பிரச்சினை, நீ போய் டாக்டரைப் பாரு" என்று ஒற்றை நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிடுவது சுலபம்.

இன்னொன்று, தனியாகப் போகும்போது தெரபிஸ்டுக்கு உங்கள் பக்கத்துக் கதை மட்டும்தான் தெரியும். நான் தனியாகப் போயிருந்தால் பால்கனிக் கதவைப் பற்றிச் சொல்லியிருப்பேன், தோசைக்கல்லைப் பற்றிச் சொல்லியிருப்பேனா? மாட்டேன்.

ஆனால் ஒற்றை நாற்காலிதான், வேறு பேச்சே இல்லை என்கிற நிலைமை ஒன்று உண்டு. பயம். கோபம் அல்ல, சலிப்பு அல்ல, பயம். அவர் வண்டிச் சத்தம் கேட்டால் வயிற்றைக் கலக்குகிறது, போனை மறைத்து வைக்க வேண்டியிருக்கிறது, கை ஓங்கியிருக்கிறார் என்றால் சேர்ந்து உட்காரவே வேண்டாம். உள்ளே நீங்கள் வாய் திறந்து சொன்ன ஒரு வரிக்கு வீட்டுக்குப் போகிற வழியில் பதில் கிடைக்கும். வாக்குவாதம் முற்றி இரண்டு பக்கமும் தள்ளுமுள்ளு ஆவதும், ஒருத்தரை இன்னொருத்தர் பயத்தாலேயே கட்டி ஆள்வதும் வேறு வேறு என்று மைக்கேல் ஜான்சன் என்ற சமூகவியலாளர் 1995-லேயே பிரித்துக் காட்டினார், இரண்டாவது ரகத்தில் ஜோடி சிகிச்சை ஆபத்து. நல்ல தெரபிஸ்டுகள் ஆரம்பத்திலேயே இரண்டு பேரையும் ஒரு தடவை தனித்தனியாகப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படித் தனியாகக் கேட்காமல் நேராக ஜோடியாகவே ஆரம்பிக்கிறவரிடம் எனக்கு நம்பிக்கை குறைவு. பயம் என்றால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டமும்தான் முதல் கதவு.

இரண்டு நாற்காலி. நெட்டில் பார்க்கிற பெயர்களெல்லாம் இங்கேதான் மோதிக்கொள்கின்றன.

ஜேக்கப்சன் கதையை முடித்துவிடுகிறேன். 1991-ல் டக்ளஸ் ஸ்னைடர் குழு ஒரு முடிவை வெளியிட்டது, சிகிச்சை முடிந்து நாலு வருஷம் கழித்துப் பார்த்ததில் நடத்தைப் பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 38 சதவீதம் விவாகரத்து, தங்கள் மனசுக்குள் ஏன் இப்படி நடக்கிறது என்று தோண்டிப் பார்த்த முறைக்குப் போனவர்களில் 3 சதவீதம். ஜேக்கப்சன் இதை ஒத்துக்கொள்ளாமல் சண்டை போட்டார், அந்த இரண்டாவது முறையில் நடந்ததில் பாதி நல்ல நடத்தைச் சிகிச்சையாளரே செய்கிற வேலைதான் என்றார். அது தனிக் கதை. ஆனால் அந்தச் சமயத்திலேயே ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனோடு சேர்ந்து தன் முறையை மாற்றிக்கட்டிக்கொண்டிருந்தார். மாற்றத்தோடு ஏற்பையும் சேர்த்தார்கள். இன்டகரேட்டிவ் பிஹேவியரல் கப்புள் தெரபி, சுருக்கமாக ஐ.பி.சி.டி. ஜேக்கப்சன் 1999-ல் இறந்துவிட்டார், கிறிஸ்டென்சன் தொடர்ந்தார். லாஸ் ஏஞ்சலஸிலும் சியாட்டிலிலும் 134 ஜோடிகள், அதுவும் லேசான சண்டைக்காரர்கள் இல்லை, பல வருஷமாக முற்றிப்போனவர்களாகப் பார்த்து எடுத்தார்கள். பாதிப் பேருக்குப் பழைய முறை, பாதிப் பேருக்குப் புதிய முறை, அதிகபட்சம் 26 அமர்வு. இரண்டு வருஷம் கழித்து, தேறியவர்கள் புதிய முறையில் 69 சதவீதம், பழைய முறையில் 60. ஐந்து வருஷம் கழித்து 50-ம் 46-ம். பிரிந்தவர்கள் 26-ம் 28-ம்.

இந்த எண்களைத் திரும்ப ஒரு தடவை படியுங்கள். ரொம்ப மோசமான நிலைமையில் வந்தவர்களில் பாதிப் பேர் ஐந்து வருஷம் கழித்தும் நன்றாக இருக்கிறார்கள், கால்வாசி பிரிந்துவிட்டார்கள், மீதி நடுவில். இரண்டு முறைக்கும் ஆரம்பத்தில் இருந்த வித்தியாசம் காலப்போக்கில் கரைந்துவிட்டது. அதனால்தான் "எந்த முறை?" என்ற கேள்விக்கு நான் அவ்வளவு மதிப்பு கொடுப்பதில்லை. ஐந்து வருஷம் விடாமல் பின்னாலேயே போய்க் கணக்கு எடுத்தார்கள் என்பதற்காகவே எனக்கு ஐ.பி.சி.டி. மேல் ஒரு பாசம், அது கணக்குப்பிள்ளையின் பாசம்.

இதில் பால்கனிக் கதவை என்ன செய்வார்கள்? கதவைத் திற என்று சொல்ல மாட்டார்கள். அம்மாவிடம் பேசும்போது நிம்மதியாக, தனியாகப் பேச வேண்டும் என்று நினைக்கிற மனுஷனும், கதவு என்று ஒன்று சாத்தப்பட்டாலே தன்னைத் தள்ளிவைத்ததாகப் படுகிற மனுஷியும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், இந்த வித்தியாசம் போகப் போவதில்லை, அதைச் சுற்றி நீங்கள் கட்டிக்கொண்ட சடங்கைத் தள்ளி நின்று பாருங்கள் என்பார்கள். இரண்டு பேரும் ஒரே பக்கம் உட்கார்ந்து, சண்டையை எதிர்ப்பக்கம் வைப்பது. எங்கள் இரண்டாவது தெரபிஸ்ட் இந்த வகையில் பயிற்சி எடுத்தவர். மூன்றாவது தடவையில் அதற்கு ஒரு பெயர் வையுங்கள் என்றார், இவர் கொஞ்சம் யோசித்து "எட்டு மணி நியூஸ்" என்றார். நான் சிரித்துவிட்டேன். அந்தச் சண்டையைப் பற்றி நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அடுத்தது இ.எஃப்.டி., எமோஷனலி ஃபோகஸ்ட் தெரபி. சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பெர்க்கும் கனடாவில் ஆரம்பித்தது. 1985-ல் வந்த முதல் ஆய்வில் 45 ஜோடிகள், வெறும் 8 அமர்வு, பிரச்சினை தீர்க்கும் பயிற்சியைவிட இது மேலாக வந்தது. ஜான்சன் 2024-ல் காலமாகும் வரை இதைத்தான் செய்துகொண்டிருந்தார். குழந்தை அம்மாவை ஒட்டிக்கொள்வது பற்றி ஜான் போல்பி சொன்னதைப் பெரியவர்களுக்கு நீட்டியது என்று வைத்துக்கொள்ளலாம், ஒருத்தர் துரத்துவார், இன்னொருத்தர் ஒதுங்குவார், துரத்தத் துரத்த ஒதுங்குவார், ஒதுங்க ஒதுங்கத் துரத்துவார். டங், சர்ர், டங், சர்ர். தோசைக்கல்லுக்கு அடியில் இருப்பது கோபம் இல்லை, "நான் உனக்கு யாருமில்லையா" என்ற பயம் என்பதை அந்த அறைக்குள்ளேயே, அந்த ஆள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வைப்பார்கள். 70 முதல் 73 சதவீதம் பேர் தேறினார்கள் என்ற எண்ணை எல்லா வெப்சைட்டிலும் பார்ப்பீர்கள், அது 1999-ல் நாலு சின்ன ஆய்வுகளைக் கூட்டி வந்தது, அதனால் எண்ணைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து வாங்குங்கள், முறையைத் தள்ளுபடி செய்ய வேண்டாம். வீட்டில் ஒருத்தர் பொரிந்து தள்ளுகிறவர், இன்னொருத்தர் கல் மாதிரி இருக்கிறவர் என்றால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. நெற்றியிலும் கன்னத்திலும் விரலால் தட்டிக்கொள்கிற இன்னொரு வைத்தியத்துக்கும் சுருக்கப் பெயர் இ.எஃப்.டி.தான். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. போனிலேயே "ஜோடிகளுக்கான இ.எஃப்.டி.யா, தட்டற இ.எஃப்.டி.யா?" என்று கேட்டுவிடுங்கள். என் தோழி அனுப்பிய முதல் லிங்க் தட்டுகிற ரகம்.

அப்புறம் மொழி. இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, ஆனால் உணர்ச்சியைத் தோண்டுகிற எந்த முறைக்கும் இது உயிர் மாதிரி. முதல் கவுன்சலர் இவரிடம் ஆங்கிலத்தில் உங்கள் ஃபீலிங் என்ன என்று கேட்டார், இவரும் ஆங்கிலத்தில் ஐ யாம் ஓகே என்றார், முடிந்தது. இரண்டாவது தெரபிஸ்ட் "உள்ள அந்த டங்னு சத்தம் கேட்டப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். அரை நிமிஷம் ஆகியிருக்கும். "திக்குன்னு இருக்கும்" என்றார் இவர். "வீட்டுக்குள்ள போகவே ஒரு மாதிரி... சின்ன வயசுல அப்பா வண்டி சத்தம் கேட்டா இருக்குமே, அந்த மாதிரி." பதினொரு வருஷக் கல்யாணத்தில் இந்தத் திக்கை நான் கேள்விப்பட்டதே இல்லை. அவர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எந்த மொழியில் சண்டை போடுகிறீர்களோ அந்த மொழியில் பேசுகிற தெரபிஸ்டாகப் பாருங்கள், சர்டிபிகேட் ஒன்று குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

காட்மன் முறை. ஜான் காட்மன் 1986-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அப்பார்ட்மெண்ட் மாதிரி ஓர் ஆய்வுக்கூடம் வைத்து, ஜோடிகளைக் கேமரா முன்னால் பேசவிட்டு, நாடித் துடிப்பெல்லாம் அளந்தவர். ஆளையே குறை சொல்வது, இளக்காரம், எதற்கெடுத்தாலும் தன் பக்கம் நியாயம் பேசுவது, கல்லாகிவிடுவது என்று நாலு விஷயம் கல்யாணத்தை அரிக்கும் என்றார், நாலில் இளக்காரம்தான் விஷம் என்றார். நிலைத்து நிற்கிற ஜோடிகள் சண்டைக்கு நடுவிலும் ஒரு கசப்புக்கு ஐந்து இனிப்பு என்ற விகிதத்தில் பேசுகிறார்கள், ஜோடிகளின் பிரச்சினைகளில் 69 சதவீதம் தீராத ரகம் என்பதும் அவர் கணக்கு. முதல் மூன்று நிமிஷம் எப்படி ஆரம்பிக்கிறது என்பதிலேயே சண்டையின் தலையெழுத்து தெரிந்துவிடும் என்பார், எங்கள் சண்டை தோசைக்கல்லில் ஆரம்பிக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. பயிற்சி, கேள்வித்தாள், வீட்டுப்பாடம் என்று போகும், உணர்ச்சி என்றாலே நெளிகிற, பட்டியல் கொடுத்தால் செய்துவிடுகிற ஆண்களுக்கு இது சௌகரியம்.

ஆனால் ஜோடியைப் பார்த்தே விவாகரத்தைக் கண்டுபிடித்துவிடுவார் என்கிற 90 சதவீதப் பெருமையைக் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். ரிசல்ட் தெரிந்த ஜோடிகளை வைத்துச் சூத்திரம் போட்டுவிட்டு அதே ஜோடிகளிடம் பொருத்திப் பார்த்தால் சதவீதம் ஏறத்தான் செய்யும், புது ஜோடிகளிடம் இறங்கிவிடும் என்று ஹேமனும் ஸ்லெப்பும் 2001-ல் காட்டினார்கள். தவிர, நோயைக் கண்டுபிடிப்பது வேறு, குணப்படுத்துவது வேறு. கல்யாணமாகாத ஏழைப் பெற்றோர் 5,000 ஜோடிகளுக்கு மேல் வைத்து அமெரிக்க அரசு ஒரு பெரிய திட்டம் நடத்தியது, பல ஊர்களில் காட்மன் பாடத்திட்டம்தான், ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் பலன் என்று சொல்ல ஒன்றும் தேறவில்லை. வகுப்பு நடத்துவதும் சிகிச்சையும் ஒன்றில்லை என்பார்கள், சரி, ஆனாலும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு நாற்காலி, அல்லது வீட்டில் எத்தனை பேரோ அத்தனை. இது ஃபேமிலி தெரபி. நம் ஊரில் இதற்கு ஒரு கௌரவமான பழைய கதை உண்டு. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்க வைத்தார். 1957-ல் வேலூர் சி.எம்.சி.யில் ஆரம்பித்த மனநல மையத்திலும் சொந்தக்காரர் ஒருவர் கூடத் தங்குவது வழக்கமானது. கோட்பாடு அப்புறம் வந்தது. பிலடெல்பியாவில் சால்வடோர் மினுச்சின் வந்த குடும்பத்தை எங்கே உட்காருகிறார்கள் என்று முதலில் பார்ப்பார், அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் பிள்ளை உட்கார்ந்திருந்தால் எழுப்பி இடம் மாற்றுவார், பாதி வைத்தியம் அந்த நாற்காலி மாற்றத்திலேயே இருக்கும். மர்ரே போவன் முக்கோணம் என்று சொன்னார்: இரண்டு பேருக்கு நடுவில் சூடு தாங்காமல் போனால் மூன்றாவது ஆளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். மாமியார், மருமகள், மகன் என்று இதை நமக்கு யாரும் பாடம் எடுக்கவே வேண்டாம்.

அப்படியானால் அத்தையையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே? நானும் கேட்டேன், கொஞ்சம் ஆசையாகவே கேட்டேன். வேண்டாம் என்றார் தெரபிஸ்ட். "அவங்க இங்க வந்தா நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து யோசிக்க வேண்டியதை அவங்க கையில கொடுத்துட்டுப் போயிடுவீங்க." நியாயம்தான். ஜோடிக்குள் இருக்கிற விஷயத்துக்கு வீட்டையே கூட்டினால் அது ஃபீஸ் கட்டி நடத்துகிற பஞ்சாயத்து. நாலு நாற்காலி தேவைப்படுவது வேறு சமயங்களில். பிள்ளை சாப்பிட மறுத்து எலும்பாகிறது, பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறது, வீட்டில் ஒருத்தருக்கு மனச்சிதைவு, இதிலெல்லாம் குடும்பத்தை உட்காரவைக்காமல் விட்டால்தான் தப்பு. பத்தொன்பது வயசுக்குள் ஆரம்பித்து மூன்று வருஷத்துக்குள் சிகிச்சைக்கு வந்துவிட்ட பட்டினிக் கோளாறுக்குக் குடும்பச் சிகிச்சை தனிச் சிகிச்சையைவிட நன்றாக வேலை செய்தது என்று லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனை ஆய்வு 1987-லேயே காட்டியது.

குடியும் இந்தப் பக்கம்தான். குடிக்கிறவரை மட்டும் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வருவது அரைக்கிணறு தாண்டுவது. திமத்தி ஓஃபேரலின் முறையில் தினமும் ஒரு சின்னச் சடங்கு: நான் இன்றைக்குக் குடிக்கவில்லை என்று அவர் சொல்ல வேண்டும், நன்றி என்று மனைவி சொல்ல வேண்டும், மாத்திரை இருந்தால் அவள் பார்க்க விழுங்க வேண்டும், பழைய கதையை யாரும் எடுக்கக் கூடாது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் ஆரம்பித்த டி.டி.கே. மருத்துவமனையில் குடும்பத்தாருக்கென்றே தனிச் சிகிச்சைத் திட்டம் வைத்திருக்கிறார்கள்.

கோர்ட் நாற்காலி. தோழியின் மாமா சொன்னது இதைத்தான். 1984-ஆம் வருஷக் குடும்ப நீதிமன்றச் சட்டப்படி சமரசத்துக்கு முயற்சி செய்வது கோர்ட்டின் கடமை, கவுன்சலர்களும் உண்டு, காசும் இல்லை. ஆனால் அங்கே போக ஒரு வழக்கு வேண்டும், இரண்டு பக்கமும் வக்கீல் நோட்டீஸ் வாங்கிய பிறகு மனசைத் திறந்து பேசுவது கடினம், கவுன்சலர்களுக்குக் கூட்டமும் அதிகம். பிரிவது என்று முடிவான பிறகு குழந்தை யாரிடம், எப்போது பார்ப்பது என்று பேசி முடிக்க அது நல்ல இடம். பரஸ்பர சம்மத விவாகரத்தில் இருக்கிற 6 மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லிவிட்டது, அதனால் அந்த ஆறு மாதத்தை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

நாற்காலியே வேண்டாம் என்றால் ஆன்லைன். கிறிஸ்டென்சனும் பிரையன் டாஸும் ஐ.பி.சி.டி.யைத் தாங்களாகவே செய்துகொள்கிற பாடமாக மாற்றி, நடுநடுவே ஒரு பயிற்சியாளர் போனில் பேசுகிற மாதிரி வைத்தார்கள். 300 ஜோடிகளிடம் சோதித்து 2016-ல் வந்த முடிவில் உண்மையிலேயே பலன் இருந்தது. சின்ன ஊர், ஷிப்ட் வேலை, ஒருத்தர் துபாயில் என்றால் வீடியோ காலில் பார்க்கிற தெரபிஸ்ட் ஒன்றும் மட்டமில்லை, கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை கிடைத்தால் போதும், கூட்டுக் குடும்பத்தில் அதுதான் கஷ்டம்.

கடைசியாக, அரை நாற்காலி. இதைத்தான் தோழியிடம் அதிக நேரம் பேசினேன். நாற்பது நிமிஷத்தில் முப்பதாவது நிமிஷத்தில்தான் நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "அவர் வரேங்கறாரா?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. "வரமாட்டேன்னு சொல்லல. வரேன்னும் சொல்லல. உனக்கு வேணும்னா போலாங்கறார். அவருக்கு இதுல இருந்து வெளிய வந்துட்டா போதும்னு இருக்குன்னு நினைக்கிறேன்டி."

இப்படி ஒருத்தர் உள்ளேயும் ஒருத்தர் வாசப்படியிலும் நிற்கிற ஜோடியைச் சாதாரண ஜோடி சிகிச்சையில் கொண்டுபோய் உட்காரவைத்தால் அவர் நாலு தடவை வந்து "பாத்தியா, அதுவும் பண்ணியாச்சு" என்று சொல்ல ஒரு ரசீது கிடைக்கும், அவ்வளவுதான். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பில் டோஹர்ட்டி இதற்காகவே டிஸ்சர்ன்மென்ட் கவுன்சலிங் என்று தனியாக ஒன்றை உருவாக்கினார். அதிகபட்சம் ஐந்து தடவை. கல்யாணத்தைச் சரி செய்கிற வேலையே இல்லை, முடிவு எடுக்கிற வேலை மட்டும். ஒவ்வொரு தடவையும் பெரும்பாலான நேரம் தனித்தனியாகப் பேசுவார்கள், நீ என்ன பங்கு போட்டாய் என்று அவரவரிடம். முடிவில் மூன்று வழி: இப்படியே இருப்பது, பிரிவது, அல்லது ஆறு மாதம் விவாகரத்துப் பேச்சை எடுக்காமல் முழு மனசோடு சிகிச்சைக்கு வருவது. 100 ஜோடிகளைப் பற்றி 2016-ல் எழுதினார்கள், 47 ஜோடி முயற்சி செய்து பார்ப்பதைத் தேர்ந்தெடுத்தது, 41 பிரிவை, 12 இப்படியே இருப்பதை. கவனியுங்கள், அது தேறியவர்கள் கணக்கு இல்லை, முடிவு எடுத்தவர்கள் கணக்கு.

அந்தப் பெயரை நம் ஊரில் யாரிடமும் சொன்னால் புரியாது, அதனால் பெயரைச் சொல்லாதே என்றேன். போன் செய்து நாலு விஷயம் கேள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா, ஏனென்றால் மேரேஜ் கவுன்சலர் என்று போர்டு மாட்ட இங்கே பெரிதாக யாரும் எதுவும் கேட்பதில்லை. ஜோடிகளோடு வேலை செய்யத் தனியாகப் பயிற்சி எடுத்திருக்கிறாரா, தனி ஆள் சிகிச்சையில் கெட்டிக்காரர் எல்லாம் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தும்போது திணறிவிடுவார்கள். தமிழில் நடத்துவாரா. அப்புறம் முக்கியமாக, என் வீட்டுக்காரருக்கு இன்னும் முடிவு இல்லை, அவரை இழுத்துப் பிடிக்காமல், எனக்கும் தீர்ப்புச் சொல்லாமல், முடிவு எடுக்கிறதுக்கு மட்டும் நாலைந்து தடவை எங்களைத் தனித்தனியாகப் பார்த்துப் பேச முடியுமா?

மூன்று பேர் அதெல்லாம் முடியாது, இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வர வேண்டும் என்றார்களாம். நாலாவது மேடம், "அவருக்கு வர இஷ்டமில்லன்னா அதைச் சொல்றதுக்காவது ஒரு தடவை வரட்டுமே" என்றாராம். சனிக்கிழமை 11 மணிக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறாள். ஜோடிகள் சராசரியாக 6 வருஷம் தள்ளிப்போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள் என்று எல்லாரும் சொல்வதுண்டு, டோஹர்ட்டி குழு எண்ணிப் பார்த்ததில் மூன்று வருஷத்துக்கும் குறைவுதான் என்று வந்தது. இவளுக்கு நாலு.

"அவர் என்ன சொன்னார்?" என்று நேற்று கேட்டேன்.

"கொண்டு போய் விடறேங்கறார். மேல வர்றதப் பத்தித் தெரியல. கீழ பார்க்கிங்ல இருக்கேங்கறார்."

மேடத்திடம் அதையும் போன் செய்து சொல்லிவிடு என்றேன். நாற்காலி இரண்டு போட்டு வைக்கட்டும்.